தூதரகத்தில் பார்த்ததை எழுதினால் பென்ஷன் போய்விடுமா?

குமரி மாவட்டம் கல்குளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வெளியுறவுப் பணியின் 'பி' பிரிவில், அதாவது தூதர்களுக்குக் கீழே அலுவலக வேலை பார்க்கும் பிரிவில், அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து அட்டாஷேயாக (தூதரகத்தின் கீழ்நிலை அதிகாரி) ஓய்வு பெற்றவர். வளைகுடா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று பல போஸ்டிங்குகள். 1990-ல் குவைத்தை ஈராக் பிடித்தபோது தற்காலிகப் பணிக்காக ஜோர்டான் தலைநகர் அம்மானுக்குப் போனவர். மனைவியின் வற்புறுத்தலால் இப்போது அனுபவங்களைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறார். நாகர்கோவிலில் ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போடத் தயாராக இருக்கிறார்.

நோட்டுகளில் மூன்று முக்கியமான பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, அம்மான் நாட்கள். இரண்டு, தனக்கு மேலதிகாரியாக இருந்த ஒரு தூதரகத் தலைவர் ஊழியர்களையும் அவர்கள் மனைவிமாரையும் நடத்திய விதம். அந்த அதிகாரி இறந்துவிட்டார். மூன்று, வளைகுடாவில் இறந்த நம் மாவட்டக் கடற்கரைப் பையன் ஒருவனின் உடலை ஊருக்கு அனுப்பிவைத்த கதை. கோப்பில் தற்கொலை என்று இருந்தது. ஊரில் மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. அவன் தாய் இன்றும் இருக்கிறார். இவை தவிர, வீட்டு இரும்புப் பெட்டியில் இரண்டு சைஃபர் தந்திகளின் (சங்கேத மொழியில் அனுப்பப்பட்டவை) நகலும் ஒரு அலுவலகக் குறிப்பின் நகலும் கிடக்கின்றன. அவற்றை ஆதாரமாகப் பின்னிணைப்பில் சேர்க்க விரும்புகிறார்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மத்திய அரசு வேலையில் இருக்கும் மகன், "பென்ஷன் போகும், என் வேலைக்கும் கேடு வரும்" என்கிறார். பழைய சக ஊழியர், "25 வருஷம் தாண்டிவிட்டால் எதையும் எழுதலாம்" என்கிறார். பதிப்பாளர், "நாவல் என்று போட்டுவிடலாம்" என்கிறார். கோயில் பங்கில் (தேவாலயச் சபையில்) உள்ள நண்பர், "அந்தத் தாளையெல்லாம் எரித்துவிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதலாம். எழுத வேண்டும் என்பதும் என் ஆசை. தூதரக நினைவுகள் என்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தூதர்களும் வெளியுறவுச் செயலர்களும் ஆங்கிலத்தில் எழுதியவை. நமக்கு அடுத்த மாநிலத்துக்காரர்களான கே.பி.எஸ். மேனனும் கே.எம். பணிக்கரும் எழுதியது அந்த உயரத்திலிருந்து பார்த்த உலகத்தை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பாஸ்போர்ட் தொலைந்தவனின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்தவர் தமிழில் எழுதியது மிகக் குறைவு. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை நம்பி இத்தனை குடும்பங்கள் வாழும் நம் மாவட்டத்தில் அந்தப் புத்தகத்துக்கு வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் அரசாங்கத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். கடிதத்தைப் படித்த எனக்குக் கவலை வந்தது வேறோர் இடத்தில். சட்டம் கெடுபிடி காட்டும் என்று நீங்கள் நினைக்கும் சில இடங்களில் அது அவ்வளவு கெடுபிடியாக இல்லை. சட்டம் உங்களைத் தடுக்காத ஓர் இடத்தில் நீங்களாகவே நின்றுகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தாயின் விஷயத்தைச் சொல்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பென்ஷன் பற்றிய பயம்

உங்கள் மகன் கேள்விப்பட்டது 2021 மே 31-ல் வந்த ஓய்வூதிய விதித் திருத்தமாக இருக்க வேண்டும். உளவு அல்லது பாதுகாப்பு அமைப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அந்த அமைப்பு தொடர்பாக எதையும் வெளியிடும் முன் அதன் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது அது. எல்லா மத்திய அரசு ஊழியருக்கும் இது பொருந்தாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள அமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். உளவு அமைப்புகளான ஐ.பி., ரா, இவற்றோடு அமலாக்கத் துறை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வெளியுறவு அமைச்சகம் இல்லை. ஆனால் உங்கள் பணிக்காலத்தில் இடையில் எப்போதாவது டெபுடேஷனில் (தற்காலிக அயல்பணியில்) அப்படி ஓர் அமைப்புக்குப் போயிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. போயிருந்தால் அந்தக் காலத்தைப் பற்றி அனுமதியில்லாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

அதற்காக, ஓய்வு பெற்றதும் எல்லாக் கட்டும் அவிழ்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பணியில் இருப்பவருக்கான நடத்தை விதிகள் இப்போது உங்களைக் கட்டுப்படுத்தாது, அது சரி. ஆனால் பென்ஷன் எப்போதும் நன்னடத்தைக்கு உட்பட்டது. 1923-ம் வருட அலுவல் ரகசியச் சட்டத்தின் 5-வது பிரிவில் வரும் தகவலையோ ஆவணத்தையோ பொதுநலனுக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ கேடு வரும்படி வெளியிட்டால், அதைக் கடும் நடத்தைக்கேடு என்று ஓய்வூதிய விதிகளே சொல்கின்றன. அந்தச் சட்டத்தில் தனியாக மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

இதில் ஆறுதலான விஷயமும் இருக்கிறது. பென்ஷன் அரசாங்கம் போடும் பிச்சை அல்ல, ஊழியரின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. நோட்டீஸ் கொடுக்காமல், உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் அதில் கை வைக்க முடியாது. அலுவல் ரகசியச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய் வழக்குப் போடவும் முடியாது. அரசின் அதிகாரம் பெற்ற புகார் இருந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். மகனிடம் இதைச் சொல்லுங்கள். அப்பா எழுதிய புத்தகத்துக்காக மகன் மேல் துறை நடவடிக்கை எடுக்க அவருடைய நடத்தை விதிகளில் இடமில்லை. அவர் தன் அலுவலகக் கணினியில் உங்கள் நோட்டுகளைத் தட்டச்சு செய்துகொடுக்காமல் இருந்தால் போதும்.

இரும்புப் பெட்டியில் உள்ள நகல்கள்

உங்கள் கடிதத்தில் சட்டப்படி உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. "அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்தவனே நான்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டச்சு செய்ததால் அது உங்களுடையது ஆகிவிடாது. வைத்திருக்க உரிமையில்லாத ஆவணத்தைத் தன்னிடம் வைத்திருப்பதே 5-வது பிரிவில் குற்றமாகலாம். அச்சிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'ரகசியம்' என்ற முத்திரை இல்லை என்கிறீர்கள். முத்திரை மட்டுமே அளவுகோல் அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். 2007-ல் 'ரா' அமைப்பின் முன்னாள் அதிகாரி மேஜர் ஜெனரல் வி.கே. சிங் எழுதிய புத்தகத்துக்காக சிபிஐ அவர் வீட்டைச் சோதனை போட்டது. உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் இருந்த துறை வேறு. ஆனால் அப்படி ஒரு சோதனையில் கையில் அகப்படக்கூடிய பொருள் உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

25 வருடக் கணக்கு பாதி உண்மைதான். 1993-ம் வருடப் பொது ஆவணச் சட்டத்தையும் அதன் விதிகளையும் ஒட்டி, 25 வருடம் கடந்த கோப்புகளை ஆய்வு செய்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். ரகசியத் தடை நீக்கப்பட்டவை மட்டுமே பொதுமக்கள் பார்வைக்கு வரும். வருடம் போனதால் தடை தானாகவே போய்விடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 20 வருடம் கடந்தால் பல விலக்குகள் நீங்கும். ஆனால் வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவலுக்கான விலக்கு அப்போதும் நீங்காது. உங்கள் நண்பர் இதை விட்டுவிட்டார். தூதரக உறவுகள் பற்றிய 1961-ம் வருட வியன்னா உடன்படிக்கையும் தூதரக ஆவணங்களுக்கு எங்கே இருந்தாலும் பாதுகாப்பு தருகிறது. அது ஆவணத்தை அனுப்பிய நாட்டுக்கான பாதுகாப்பு. ஊழியர் அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

அப்படியானால் எரித்துவிடலாமா? வேண்டவே வேண்டாம். அதே 1993 சட்டம், பொது ஆவணத்தை முறையில்லாமல் அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. நகல்தானே, அந்தச் சட்டம் இதற்குப் பொருந்துமா என்று வாதாட இடமிருக்கிறது. அந்த வாதத்தை உங்கள் செலவில் நடத்த வேண்டிய நிலைமையை நீங்களே ஏன் உண்டாக்க வேண்டும்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் தாள்களை யாருக்கும் காட்டாதீர்கள். போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பதிப்பாளருக்கோ எனக்கோ அனுப்பாதீர்கள். குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்து, பழைய தாள்களுக்கிடையில் இவை இருப்பது இப்போதுதான் கவனத்துக்கு வந்தது, திருப்பி ஒப்படைக்கிறேன் என்று அமைச்சகத்துக்கு அவர் மூலம் கடிதம் கொடுங்கள். உண்மையிலேயே இப்போதுதான் கவனத்துக்கு வந்தது என்றால் மட்டும் அப்படிச் சொல்லுங்கள். இல்லையென்றால், என்ன சொல்லலாம் என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். பின்னிணைப்பு யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். தந்தியின் வாசகத்தைச் சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் உள்ளடக்கம் அதேதான். உங்கள் புத்தகத்தின் பலமும் அந்தத் தந்திகளில் இல்லை. அவற்றை எடுத்துவிட்டால் புத்தகம் ஒன்றையும் இழக்காது.

இறந்துபோன மேலதிகாரி

செத்தவர் வழக்குப் போட மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிவில் நஷ்டஈட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. குற்றவியலில் அப்படி இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில், இறந்தவரைப் பற்றி அவதூறு சொல்வதும் அவர் குடும்பத்தாரின் மனம் புண்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு இருந்தால் குற்றம்தான். உண்மையைத்தானே சொன்னேன் என்பது மட்டும் அங்கே போதாது. அந்த உண்மையைச் சொல்வதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். புத்தகம் குழித்துறையில் விற்றால் குழித்துறை நீதிமன்றத்திலேயே புகார் கொடுக்கவும் முடியும்.

உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே போனது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், அரசு அதிகாரிகள் தங்கள் பெயர் கெடும் என்று சொல்லி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. பொதுப் பணியில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தை எழுத இடமுண்டு. அதே தீர்ப்பு, தனிவாழ்க்கைக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் அதற்கான பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் சொன்னது.

ஆகவே எல்லைக்கோட்டை இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகக் காரைக் கடைவீதிக்கு அனுப்பியது, உள்ளூர் ஊழியருக்கு ஓவர்டைம் மறுத்தது, விருந்தன்று கீழ்நிலை ஊழியர்களின் மனைவிமாரைச் சமையலுக்கு வரச் சொன்னது எல்லாம் நீங்கள் நேரில் பார்த்தவை. பதவியை ஒட்டியவை. எழுதுங்கள். அவருடைய குடிப் பழக்கம், குடும்பச் சண்டை, பேர்சனல் அசிஸ்டென்ட்டோடு சேர்த்துப் பேசப்பட்ட வதந்தி இவற்றை எடுத்துவிடுங்கள். பெயரும் நாடும் இல்லாமலே அந்த அத்தியாயம் நிற்கும். 'நாவல்' என்று அட்டையில் போட்டால் தப்பிக்கலாம் என்ற பதிப்பாளரின் யோசனையை ஏற்காதீர்கள். இன்னாரைத்தான் சொல்கிறார்கள் என்று படிப்பவருக்குப் புரிந்தால் அட்டையில் என்ன போட்டாலும் வழக்கு நிற்கும். தவிர, நடந்ததை நடந்தது என்று சொல்லும் மதிப்பையும் நீங்கள் இழந்துவிடுவீர்கள்.

விருந்துச் சமையல் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மனைவி சேலையில் எண்ணெய்க் கறையோடு பின்வாசல் வழியாக வெளியே வந்ததும், முன்வாசலில் நின்ற உங்களைத் தெரியாதவர்போல் கடந்துபோனதும் கடிதத்திலேயே என்னை நிறுத்திய இடம். அந்தப் பகுதியை அவரையே எழுதச் சொல்லுங்கள். வெளியுறவுப் பணியில் பெண்களின் நிலை பற்றிப் பொதுவெளியில் வந்தது கொஞ்சம்தான். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியையே, அந்தப் பணியில் அதிகாரியாக இருந்த சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் உலுக்க வேண்டியிருந்தது. 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகச் சாடினார். அதிகாரிகளின் கதையாவது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. ஊழியர் மனைவிமாரின் கதை எந்தக் கோப்பிலும் இல்லை. உங்கள் மனைவி அரசு ஊழியராக இருந்ததில்லை என்பதால் ஓய்வூதிய விதிகளும் அவரைத் தொடாது.

அந்தப் பையனின் தாய்

இப்போது நான் தள்ளிவைத்த விஷயம். உண்மையை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரை மாற்றிவிடுகிறேன், ஊரைச் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். ஐயா, நம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். இன்ன வருடம், இன்ன நாட்டில், மீன்பிடிக்கப் போன இடத்தில் இறந்து, திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாகப் பெட்டியில் வந்த, கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன் என்றால் தூத்தூர் முதல் குளச்சல் வரை அது யார் வீடு என்று தெரியாதவர் எத்தனை பேர்? அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்க வீட்டார் கூடும் ஜெபக் கூட்டம்) ஒருவர் படித்தால் போதும், மறுநாள் அந்த அம்மாவின் வாசலுக்குச் செய்தி வந்துவிடும். பெயர் மாற்றுவது சென்னை வாசகரிடமிருந்து மறைக்க உதவும். பக்கத்து ஊரிடமிருந்து மறைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், அது உங்களுக்குப் பெரிய தடை போடவில்லை. தனியுரிமையும் நற்பெயரும் ஒருவர் இறப்போடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்கு இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் சொல்லியிருக்கிறது. தாயின் சொந்தத் தனியுரிமை என்று ஒன்று இருக்கிறது, தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்ன 2017-ன் புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு அதற்கு வலுவும் கூடியிருக்கிறது. ஆனாலும் அவர் வழக்குப் போடப் போவதில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

நான் யோசிப்பது வேறு. அந்தத் தகவல் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? தூதரகக் கவுன்ட்டரில் நீங்கள் இருந்ததால்தான். உடலை அனுப்பத் தடையில்லாச் சான்று எழுதவும் பாஸ்போர்ட்டை ரத்து செய்யவும் உள்ளூர் போலீஸ் அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தது. அவனோடு தங்கியிருந்தவர்கள் உங்களிடம் வந்து, "வீட்டில மாரடைப்புன்னு சொல்லிடுங்க சார்" என்று கெஞ்சினார்கள். நீங்கள் தலையாட்டினீர்கள். அன்று அது சரியா தவறா என்று இப்போது தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா, தங்கைக்குச் சம்பந்தம் வருமா என்று அவர்கள் எதையெல்லாமோ நினைத்திருப்பார்கள். அரசாங்கங்களின் ரகசியங்கள் பழசாகிவிடும். அந்த வீட்டில் அந்த மரணம் இன்னும் பழசாகவில்லை.

தாய்க்கு உண்மையை அறியும் உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, முழுக்க உண்டு. அவரோ அந்தத் தங்கையோ கேட்டால், இறப்புப் பதிவின் நகலைத் தூதரகத்திலிருந்து எப்படிப் பெறுவது என்று நீங்களே வழிகாட்டலாம். கேட்டால் பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அச்சில் வந்து, அடுத்தவர் வாயால் அவருக்கு அது தெரியவரக் கூடாது. அந்த அத்தியாயத்தை எழுத வேண்டுமென்றால் உடலை அனுப்பும் நடைமுறையை எழுதுங்கள். உடலைப் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று கிடைக்காமல் வெள்ளிக்கிழமை விடுமுறையில் பெட்டி கிடந்ததை, சம்பள பாக்கியைத் தராமல் முதலாளி இழுத்தடித்ததை எழுதுங்கள். வெளிநாட்டில் கஷ்டப்படும் இந்தியர்களுக்குத் தூதரகம் உதவ 2009-ல் வந்த இந்தியச் சமூக நல நிதி இல்லாத காலத்தில், ஊர்க்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து விமானக் கட்டணம் கட்டியதை எழுதுங்கள். இன்று அதே நிலைமையில் நிற்கும் குடும்பத்துக்கு அது நேரடியாகப் பயன்படும். சாவின் காரணம் அந்தப் பக்கங்களுக்குத் தேவையே இல்லை.

அம்மான் பகுதியில் தொடங்குங்கள்

எந்தக் கோணத்தில் பார்த்தாலும் உங்களுக்குத் தடையில்லாத பகுதி அம்மான்தான். சுமார் 1,70,000 இந்தியர்கள் குவைத்திலிருந்தும் ஈராக்கிலிருந்தும் மீட்கப்பட்டது உலகறிந்த விஷயம். ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு மாதம் பறந்ததை எல்லோரும் எழுதியாயிற்று. பாலைவன முகாமில் ஒரு மேசை போட்டு, பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிஃபிகேட் எழுதியவர் எழுதவில்லை. பிறந்த ஊர் எது என்று கேட்டால் "இந்தியா" என்று மட்டும் சொன்ன ஒருவரிடம், "மக்கா, ஊரு எங்க?" என்று நீங்கள் கேட்டதும், இடுப்பில் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த ரேஷன் கார்டை எடுத்து மேசையில் வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எந்த ரகசியமும் இல்லை. அந்த மேசையில் நடந்தவற்றை ஞாபகம் இருக்கும் வரை எழுதுங்கள். வாங்கிய உத்தரவுகள், தலைநகரிலிருந்து வந்த தகவல்கள் பக்கம் போகும்போது மட்டும் நிறுத்தி, ஏற்கெனவே பொதுவில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த ஆதாரத்தைச் சொல்லி எழுதலாம். வராவிட்டால் விட்டுவிடலாம். விட மனமில்லை என்றால் அந்தப் பக்கங்களை மட்டும் அமைச்சகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். முழுப் பிரதியையும் அனுப்ப வேண்டியதில்லை. பதில் தாமதமாகலாம், மறுக்கவும் செய்யலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூதர் உங்களுக்குக் கைப்பட எழுதிய பாராட்டுக் கடிதத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாள் உங்களுடையது, வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. அவரிடமோ வாரிசுகளிடமோ ஒரு வரி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிப்பாளரின் ஒப்பந்தத்தை நகல் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஆறாவது பத்தியில், எந்தச் சட்டச் சிக்கல் வந்தாலும் செலவு முழுவதையும் ஆசிரியரே ஏற்க வேண்டும் என்று இருக்கிறது. அதை அப்படியே ஏற்றுக் கையெழுத்துப் போடாதீர்கள். வேண்டுமென்றே பொய் எழுதியிருந்தால் மட்டும் உங்கள் பொறுப்பு, மற்றபடி அச்சுக்கு முன் பிரதியை வழக்கறிஞரிடம் காட்டும் செலவு பதிப்பாளருடையது என்று திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு பதிப்பாளரைப் பார்ப்போம். பெட்டியில் இருக்கும் தாள்கள் கை மாறிய பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்குள் அம்மான் அத்தியாயத்தை முடித்துவிடுங்கள்.